பன்னிரண்டு சிமென்ட் உருளைகளுக்கு மஞ்சள் வைத்த கதை

என் மச்சினிச்சி கல்யாணம் வடபழனியில் நடந்தது. பந்தியில் பக்கத்து இலைக்காரர், மாப்பிள்ளை வீட்டு உறவு, என்னைப் பார்த்து, "உங்களுக்கு எங்க வேல?" என்று கேட்டார்.

"சிமென்ட் சம்பந்தமா, சார்."

"அப்படிப் போடு! எங்க வீட்டு பாத்ரூம் ஆறு மாசமா ஒழுகுது. எப்ப வந்து பாக்கிறீங்க?"

இருபது வருஷமாக எனக்கு இதே கதிதான். அடையாறு பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் டெக்னீஷியன். ஆராய்ச்சி செய்வது மற்றவர்கள். அவர்கள் செய்ததைத் தூக்குவது, துடைப்பது, மூடிபோட்டு முடுக்குவது நான். மந்தைவெளியில் நான் குடியிருக்கும் வீட்டு பாத்ரூமே ஒழுகுகிறது. மூன்று முறை நானே பூசினேன். நாலாவது முறை கரண்டியோடு நின்றபோது கீழ்வீட்டு அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "போதும் சார், இப்ப ஒழுகற அளவே எங்களுக்குப் பழகிடுச்சு" என்றார்.

இருந்தாலும் இலைக்காரரை விடவில்லை. விளக்கினேன். "ஃபாக்டரி, கரண்டு ஸ்டேஷன் இதெல்லாம் வுடற கரியமில வாயு கீதுல்ல, அதைப் புடிச்சு பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல பாறைக்குள்ள அனுப்பி வெக்கிறாங்க. மறுபடி மேல வரக்கூடாது. அதுக்குப் போட்ட துளையில இரும்புக் குழாய் இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் நடுவுல கீற சந்துல சிமென்ட் ஊத்துவாங்க. வேல முடிஞ்சதும் குழாயையும் சிமென்ட் வெச்சே அடைப்பாங்க."

"அடைச்சாச்சுல்ல? அப்புறம் இன்னா?"

"அந்த வாயு தண்ணில கலந்தா சோடா. சோடா புளிக்கும். புளிப்பு சிமென்ட்டுக்கு ஆவாது. நம்ம பேரப்பசங்க காலம் வரைக்கும் சோடாவுல ஊறினா சிமென்ட் தாங்குமா, தாங்காதா? அதைத்தான் பாத்துக்கினு கீறோம்."

அவர் பாயசத்தை உறிஞ்சிவிட்டு யோசித்தார். "எங்க பாத்ரூம்ல யாரும் சோடா ஊத்தலியே. அது ஏன் ஒழுகுது?"

நான் மோர் ஊற்றுகிறவரைக் கூப்பிட்டேன்.

எங்கள் கூடத்தில் சிமென்ட்டை சோடாவில் ஊறவைக்க ஒரு பாத்திரம் இருக்கிறது. கனமான எஃகு. உள்ளே பூமிக்கடியில் இருக்கிற மாதிரி சூடும் அழுத்தமும் கொடுக்கலாம். அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு. நான் வைத்த பெயர் குக்கர். ஆரம்பத்தில் முகம் சுளித்த புரொபசரே பிறகு, "குக்கர்ல ஏத்திட்டீங்களா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். என் பங்குக்கு விஞ்ஞானத்துக்கு நான் செய்த தொண்டு அது ஒன்றுதான்.

அந்தக் குக்கரை ஒரு வருஷத்துக்கு மேலாகக் கட்டி ஆண்டவள் ஒரு பெண். சாந்தோம்காரி. அப்பா, அம்மா, அத்தை எல்லோரும் வாத்தியார்கள். பிஎச்டி முடியும் முன்பே அவளை நான் 'டாக்டரம்மா' என்று கூப்பிடுவேன். "வேணாம்ணா, கண்ணு பட்டுடும்" என்பாள். ஒரு கல்லூரியில் அவளுக்காக ஓர் இடத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜனவரிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் வேலை. கொடுக்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் ஆராய்ச்சியின் கடைசிப் பகுதி பன்னிரண்டு சிமென்ட் உருளைகள். டார்ச் லைட்டில் போடும் பெரிய பேட்டரி அளவு. முதல் நாலு வாயுவையே பார்க்காதவை, சுண்ணாம்புத் தண்ணீரில் சும்மா கிடந்தவை. அடுத்த நாலு மூன்று மாதம் குக்கரில் இருந்தவை. கடைசி நாலு ஒரு வருஷம் இருந்தவை. பன்னிரண்டையும் மெஷினில் வைத்து நொறுக்கி, எது எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு வருஷம் சோடாவில் ஊறியதும், ஊறாததும் ஒரே பலத்தோடு நின்றால் அவள் ஜெயித்தாள். இவ்வளவுதான் கதை. ஆனால் எது எது என்று தெரிந்தால்தான் கதை.

நம்பர்களைப் பென்சிலில் எழுதியிருந்தாள். கீறக் கூடாது, விரிசல் விடும் என்பது புரொபசர் கட்டளை. ஒன்று முதல் பன்னிரண்டு வரை, குண்டுகுண்டான எழுத்து. ஏழுக்கு மட்டும் நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவாள். மூன்று பிளாஸ்டிக் டப்பாக்களில் நாலு நாலாகத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தாள். ஆயுத பூஜை லீவு முடிந்ததும் நொறுக்கும் மெஷின் அவளுக்கென்று பதிவாகியிருந்தது.

ஆயுத பூஜை என்றால் எங்கள் கூடத்தில் நான்தான் ராஜா. மற்ற நாளில் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த இரண்டு நாள் மட்டும் புரொபசரே, "இங்க நிக்கலாமா?" என்று கேட்பார். முதல் நாள் சுத்தம் செய்வது, மறுநாள் பூஜை. அந்த வருஷமும் மூவேந்தரும் என்னுள் இறங்கியதுபோல நான் துடைக்க ஆரம்பித்தேன். தராசு, மெஷின், குக்கர், மேஜை, ஜன்னல் கம்பி, எதையும் விடவில்லை. டாக்டரம்மா மத்தியானமே கிளம்பினாள். "நாளைக்குப் பொரி, கடலை நான் வாங்கிட்டு வரேண்ணா. மயிலாப்பூர்ல நல்ல பொரி வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டப்பாக்களின் ஓரத்தில் வெள்ளையாக ஓர் ஏடு படிந்திருந்தது. பூஜையன்று அழுக்கு டப்பாவா? உருளைகளை எடுத்து ஒரு தட்டில் வரிசையாக வைத்தேன். டப்பாக்களை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். பளபளத்தன. திரும்பிப் பார்த்தால் உருளைகள் மேலும் அதே ஏடு. பளபளக்கும் டப்பாவில் அழுக்கு உருளையை வைப்பதா என்று மனசு கேட்கவில்லை. பிரஷை எடுத்தேன். பன்னிரண்டையும் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல, காதுக்குப் பின்னால்கூட விடாமல் தேய்த்தேன்.

தேய்த்து முடித்துத் துண்டால் துடைக்கும்போதுதான் பார்த்தேன். ஒன்றிலும் நம்பர் இல்லை.

தட்டில் பன்னிரண்டு சாம்பல் நிற உருளைகள். ஈரத்தில் எல்லாம் ஒரே மாதிரி. பன்னிரண்டும் என்னைப் பார்த்து, 'நான் யாரு, சொல்லு' என்று கேட்பதுபோல இருந்தது. எனக்கு நான் யார் என்பதே அந்த நிமிஷம் நினைவில்லை.

போனை எடுத்தேன். அவள் நம்பரைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். இதைச் சொன்னால் அவள் பொரி வாங்குவாளா என்று ஒரு கேள்வி வந்தது பாருங்கள், அப்பேர்ப்பட்ட மனுஷன் நான்.

அப்புறம் மூளை வேலை செய்தது. என் மூளை வேலை செய்யாத நாட்களில் இந்த உலகத்துக்கு எந்தக் கெடுதலும் வந்ததில்லை. இடப்பக்கம் வைத்தது முதல் டப்பா, வலப்பக்கம் வைத்தது கடைசி டப்பா, இது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறதே என்று என்னை நானே நம்பவைத்தேன். தேய்க்கும்போது எடுத்த வரிசையிலா திருப்பி வைத்தேன் என்ற கேள்வியைக் கிட்டவே சேர்க்கவில்லை. பென்சிலைக் கூராக்கினேன். ஒன்று முதல் பன்னிரண்டு வரை குண்டுகுண்டாக எழுதினேன். ஏழுக்குக் குறுக்குக் கோடும் போட்டேன். தூரத்திலிருந்து பார்த்து அழகு பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஏழு அவள் ஏழைவிட நன்றாக வந்திருந்தது.

வீட்டில் என் மனைவி வடை போட்டிருந்தாள். இரண்டோடு எழுந்துவிட்டேன்.

"இன்னாய்யா, ஒடம்பு சரியில்லியா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத மூஞ்சியா இது? சிமென்ட் பூசின மாரி கீது."

பூசியதும் நான்தான், ஒழுகப்போவதும் நான்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? படுத்துக்கொண்டேன்.

மறுநாள் கூடம் ஜொலித்தது. குக்கருக்குச் சாமந்தி மாலை போட்டு, மூடி மேல் எலுமிச்சம்பழம் வைத்திருந்தேன். தராசுக்கும் மெஷினுக்கும் மஞ்சள் குழைத்துப் பொட்டு வைத்தாயிற்று. மஞ்சளெல்லாம் முடிந்த பிறகுதான் குங்குமம் என்று பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓரமாக வைத்திருந்தேன். டாக்டரம்மா இரண்டு பெரிய பை பொரியோடு வந்தாள். கழுத்தில் சின்னச் சிலுவை, தலையில் மல்லிப்பூ.

"அண்ணா, டப்பா எல்லாம் கல்யாணப் பாத்திரம் மாதிரி இருக்கே!"

"ஹி ஹி" என்றேன்.

"மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சீங்க, என் பசங்களுக்கு?"

அவள் உருளைகளைப் பசங்க என்றுதான் சொல்வாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா, பூஜை ஆயுதத்துக்குத்தான். இது ஆயுதமா?"

"வைங்கண்ணா. அடுத்த வாரம் மெஷின்ல நிக்கணும். சீக்கிரமா நொறுங்கிடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு வைங்க. நான் எங்க மாதாகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

இரண்டு பக்கத்திலிருந்தும் சிபாரிசு வந்துவிட்டது. நான் பன்னிரண்டையும் மூன்று வரிசையாக நிறுத்தி, கிண்ணத்தில் விரல் தொட்டு ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் வைத்தேன். நம்பர் கண்ணில் படாமலிருக்க ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டேன். பக்தி என்று அவள் நினைத்திருக்கலாம்.

அப்போது புரொபசர் கற்பூரத் தட்டோடு உள்ளே வந்தார். ஏற்றும் முன் டாக்டரம்மா குனிந்து உருளைகளைப் பார்த்தாள்.

"அண்ணா, இதுக்குக் குங்குமமும் வெச்சிட்டீங்களா?"

"இல்லியே. பொட்டலமே பிரிக்கலியே."

குனிந்து பார்த்தேன். நாலு உருளைகளில் நான் வைத்த மஞ்சள் செக்கச்செவேலென்று ஆகியிருந்தது. மற்ற எட்டில் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

ஆரத்தி கரைத்த எந்த வீட்டுக்கும் இது தெரியும். மஞ்சள் தண்ணீரில் ஒரு துளி சுண்ணாம்பு விழுந்தால் சிவந்துவிடும். சிமென்ட்டுக்குள் இருப்பது அந்தச் சுண்ணாம்புக் காரம்தான். சோடா அதைத் தொட்டால் காரம் செத்து, மேல்தோல் சுண்ணாம்புக் கல்லாகிவிடும். அப்புறம் மஞ்சள் சிவக்காது. ஆகவே வாயுவையே பார்க்காத முதல் நாலு சிவக்க வேண்டும். மற்ற எட்டும் சிவக்கக் கூடாது.

சிவந்தது நாலுதான். ஆனால் எந்த நாலு? முதல் வரிசையில் இரண்டு, நடு வரிசையில் ஒன்று, கடைசி வரிசையில் ஒன்று. பதினோராம் நம்பர், ஒரு வருஷம் சோடாவில் ஊறியதாக நான் கைப்பட எழுதியது, நெற்றியில் ரத்தத் திலகத்தோடு நின்றது.

டாக்டரம்மா அந்தப் பதினோராம் நம்பரை மட்டும் தூக்கிக் காட்டினாள். "சார், இதுக்கு வாயுவே போய்ச் சேரல. குக்கர் ஒழுகியிருக்கு. ஒரு வருஷமா ஒழுகியிருக்கு. நான் கவனிக்கல." பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு வருஷம் ஊறப்போட முடியாது சார். ஜனவரியில அவங்க வேற ஆளை எடுத்துடுவாங்க."

புரொபசர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குக்கரின் மூடியைத் தடவிப் பார்த்தார். மாலையும் எலுமிச்சையுமாக அந்தக் குக்கர் அப்பாவியாக நின்றது.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பழி குக்கர் தலையில் விழுந்திருக்கும். குக்கருக்கு வீடு, வாசல், மானம் எதுவும் கிடையாது. இரண்டு மூச்சு விடும் நேரம் உண்மையிலேயே மூடிக்கொண்டுதான் இருந்தேன். அவள் கைக்குட்டையைத் தேடினாள். கிடைக்கவில்லை. பொரிப் பையின் ஓரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்க்க முடியவில்லை.

"குக்கர் ஒழுகலம்மா. நான்தான்."

இரண்டு பேரும் திரும்பினார்கள். தேய்த்தது, அழிந்தது, எழுதியது, எல்லாவற்றையும் கொட்டினேன். வழக்கமாக எதையும் ஒரு ஜோக்கோடு முடிப்பேன். அன்று தேடினேன், ஒன்றும் சிக்கவில்லை.

டாக்டரம்மா எழுந்து வந்து ஏழாம் நம்பரைக் கையில் எடுத்தாள். நம்பரின் குறுக்குக் கோட்டை விரலால் தடவினாள்.

"அண்ணா, என் ஏழைக்கூடவா?"

திட்டியிருந்தால் தேவலை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

புரொபசர்தான் பேசினார். "அழறதும் திட்டறதும் அப்புறம். மஞ்சள் பாதி வேலையை முடிச்சிடுச்சே, அதைப் பாருங்க. சிவந்த நாலும் வாயு படாதது. அதுல சந்தேகமே இல்ல. மிச்சம் எட்டு. குக்கர்லேர்ந்து எடுத்தப்ப ஒவ்வொண்ணோட எடையும் நீளமும் நோட்ல இருக்கா?"

"இருக்கு சார்."

"தராசைத் திறங்க."

"சார், தராசுக்குப் பூஜை போட்டிருக்கு. இன்னிக்குத் தொடக் கூடாது" என்றேன், என்னை அறியாமல்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானே போய்ப் பொட்டைத் துடைத்துத் தராசைத் திறந்தேன்.

பொரி பையிலேயே இருந்தது. கற்பூரம் ஏற்றவில்லை. நான் ஒவ்வொன்றாக எடுத்து ஈரம் ஒற்றித் தராசில் வைப்பேன். அவள் எண்ணைச் சொல்வாள். புரொபசர் நோட்டில் தேடுவார். நான் தேய்த்ததில் எல்லாமே கொஞ்சம் இளைத்திருந்தன. இருந்தாலும் நீளமும் எடையும் சேர்த்துப் பார்த்தால் இது இன்னார் என்று பிடிபட்டது. ஒவ்வொன்று பிடிபடும்போதும், காணாமல் போன பிள்ளை வீடு திரும்பியதுபோல அவள் அதை அதன் டப்பாவில் போட்டாள். ஆறு பேர் திரும்பிவிட்டார்கள்.

இரண்டு பேர் மட்டும் பிடிகொடுக்கவில்லை. மீதி இருந்தது மூன்று மாதக்காரன் ஒருவன், ஒரு வருஷக்காரன் ஒருவன். நீளமும் ஒன்று. எடை வித்தியாசத்தை என் பிரஷ் தின்றுவிட்டிருந்தது.

"உடைச்சுப் பார்த்தா தெரியும்" என்றார் புரொபசர். "ஆனா உடைச்சா அது ரெண்டையும் மெஷின்ல நொறுக்க முடியாது. நாலு நாலுன்னு இருந்தது மூணு மூணா ஆயிடும். மூணு போதும்மா. ஏன் மூணுன்னு மட்டும் மறைக்காம எழுதணும்."

அவள் என்னைப் பார்த்தாள். "மறைக்காமன்னா, அண்ணா பேரையுமா சார்?"

"பேர் எதுக்கு? நடந்ததை எழுது."

இரண்டையும் நெடுக்குவாட்டில் பிளந்தாள். பிளந்த முகத்தில் அவள் எப்போதும் தெளிக்கும் மருந்தைத் தெளித்தாள். காரம் உள்ள இடம் ரோஸ் நிறமாகும், காரம் செத்த இடம் சாம்பலாகவே இருக்கும். அதுவும் மஞ்சள் செய்த வேலைதான், விலைதான் அதிகம்.

முதலாவதில் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு சாம்பல் கோடு. அது மூன்று மாதம். இரண்டாவதில் அந்தக் கோடு நகக்கண் அளவு தடிமன். அது ஒரு வருஷம். உள்ளே மற்ற இடமெல்லாம் பஞ்சுமிட்டாய் ரோஸ். ஒரு வருஷம் அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் அடைபட்டுக் கிடந்து, வாயு போனது நகக்கண் அளவுதான். மேல்தோல் கல்லாகி, பின்னால் வருவதைத் தடுத்திருந்தது. நான் அதுவரை எத்தனையோ உருளைகளைத் துடைத்திருக்கிறேன், அன்றுதான் ஒன்றை நின்று பார்த்தேன்.

"சார், இங்க பாருங்க" என்றாள் அவள்.

அந்த ஒரு வருஷ உருளையின் நடுவில், தலை வகிடுபோல, ரோஸுக்குள் மெல்லியதாக ஒரு சாம்பல் கோடு இறங்கியிருந்தது. முதலிலேயே அதில் ஒரு மயிரிழை விரிசல் இருந்திருக்கிறது. வாயு அதன் வழியாகப் போயிருக்கிறது. ஆனால் பூதக்கண்ணாடியில் பார்த்தால், விரிசல் முழுக்க வெள்ளையாக ஏதோ நிரம்பிக் கெட்டித்திருந்தது. சிமென்ட் கரைந்து அங்கேயே கல்லாக உறைந்து, தன் விரிசலைத் தானே அடைத்துக்கொண்டிருக்கிறது.

"விரிசல் பெரிசா இருந்தா அடைக்காது, அகலமாத்தான் ஆகும்" என்றார் புரொபசர். "இரும்பும் சிமென்ட்டும் ஒட்டுற இடத்துல சந்து விட்டாலும் ஆபத்துதான். இது ஒரே ஒரு துண்டு. ஒரு வரி எழுது, போதும். துள்ளிக் குதிக்காத."

அவள் துள்ளவில்லை. ஆனால் எழுந்து போய்ப் பொரிப் பையைப் பிரித்தாள். முதல் கை பொரியை என்னிடம் நீட்டினாள். "சாப்பிடுங்கண்ணா. அதுக்குன்னு மன்னிச்சிட்டேன்னு நினைக்காதீங்க."

"எப்ப மன்னிப்ப?"

"ஜனவரி முடியட்டும், சொல்றேன்."

லீவு முடிந்து பத்து உருளைகளும் மெஷினில் ஏறின. நான் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். எதையும் தொடவில்லை. வாயு படாததும், ஒரு வருஷம் பட்டதும் ஏறக்குறைய ஒரே பாரத்தில்தான் நொறுங்கின. ஒவ்வொன்றும் நொறுங்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள், நான் அவளுக்கும் சேர்த்து மூடிக்கொள்வேன். ஜனவரி பிறக்கும் முன்பே ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். அதில், 'சுத்தம் செய்யும்போது மாதிரிகளின் அடையாளக் குறிகள் அழிந்தன' என்று ஒரு வரி. அழித்தவர் இல்லாமல் தானாக அழிந்ததுபோல. அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்பதைச் சொல்லமாட்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "குறி அழிஞ்ச பிறகு வாயு படாத நாலை எப்படிப் பிரிச்சீங்க?"

"மஞ்சள் வெச்சு, சார்."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அவரே முதலில் சிரித்தார். "யார் யோசனை அது?"

அவள் கடைசி வரிசையைப் பார்த்தாள். எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம்போல இருந்தது. "எங்க லேப்ல எல்லாரும் சேர்ந்துதான் சார்" என்றாள்.

கல்லூரியில் சேருவதற்கு முதல் நாள் கூடத்துக்கு வந்தாள். பிளந்த அந்த ஒரு வருஷ உருளையின் ஒரு பாதியை ஒரு டப்பியில் போட்டு என் கையில் கொடுத்தாள். "ஜனவரி முடிஞ்சிடுச்சுண்ணா" என்றாள்.

அது என் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு நான் வீட்டில் கும்பிடும் ஆயுதம் அது ஒன்றுதான். பிளந்த முகத்தில் ஒரு மஞ்சள் பொட்டு வைப்பேன். முதல் வருஷம் ரத்தமாகச் சிவந்தது. அடுத்த வருஷம் செங்கல் நிறம். போன வருஷம் வைத்த பொட்டு சிவக்கவேயில்லை. அவளுக்குப் போன் போட்டேன்.

"டாக்டரம்மா, உன் பையன் செத்துட்டான் போலக்கீது. மஞ்சள் மஞ்சளாவே நிக்குது."

எதிர்முனையில் ஒரே சிரிப்பு. "சாகலண்ணா. நம்ம ஊர்க் காத்துலயும் அந்த வாயு இருக்கே. பிளந்த இடத்துலயும் தோல் கட்டிடுச்சு, அவ்வளவுதான். உள்ள நல்லாதான் இருப்பான். ஒரு தட்டு தட்டி உடைச்சு மஞ்சள் வைங்க, சிவக்கும்."

"உடைக்கிறதா? நானா?"

"நீங்கதான்."

"தாயே, உன் சாமானை இனிமே நான் தொடறதா இல்ல. நீயே ஒரு நாள் வந்து உடை. பொரி நான் வாங்கி வெக்கிறேன்."

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அது வரை அதன் மேல் படிந்திருக்கும் தூசியைக்கூட நான் துடைப்பதாக இல்லை.